லயத்துப் பாதைக்கு மாகாணப் பணம் கேட்பது எப்படி?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் மேல் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) ஏறும் பாதை மழையில் அரித்துப் போய்விட்டது. பிரதேச சபையில் கேட்டால், மாகாணம் காசு தந்தால்தான் முடியும் என்கிறார்கள். நாங்கள் நேரே மாகாணத்துக்கு எழுதலாமா? (வாசகர், நுவரெலியா மாவட்டம்)

பதில்: எழுதலாம். ஆனால் அந்தக் கடிதம் சுற்றிவிட்டுச் சபைக்கே வந்து சேரும். சபை கோப்பு அனுப்பாமல் மாகாணம் பணம் ஒதுக்குவது அரிது.

மாகாணத்திலிருந்து சபைக்கு வருவது முக்கியமாக மூன்று: ஊழியர் சம்பளத்துக்கான மானியம், முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப்பணமும், அபிவிருத்தி வேலைக்கான ஒதுக்கீடு. காணி கைமாறி உறுதி (காணிப் பத்திரம்) எழுதினால்தான் முத்திரை வரி சேரும். தோட்டக் காணி பெரும்பாலும் குத்தகையில் இருப்பதால் அங்கே உறுதி எழுதுவது குறைவு, வரியும் குறைவு. ஆகவே உங்கள் பாதைக்கு மூன்றாவது வழியைத்தான் நம்ப வேண்டும்.

தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் இடம் தராது என்று இன்னும் யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். தோட்டக் குடியிருப்புகளிலும் சபை வேலை செய்ய இடம் தரும்படி பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. இருந்தாலும் தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூலச் சம்மதத்தை முதலில் வாங்குங்கள். அது இல்லாத கோப்பு பாதி வழியில் நின்றுவிடும். பிறகு கணக்காய்விலும் கேள்வி வரும்.

சம்மதக் கடிதத்துடன், பாதையின் நீளம், அகலம், பயன்படுத்தும் குடும்பங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு சபைச் செயலாளரிடம் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்க மறக்காதீர்கள். உங்கள் வட்டார உறுப்பினர் சபையில் பிரேரணை கொண்டுவர வேண்டும். நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால், ஆகஸ்டுக்குள் கொடுத்தால் அடுத்த பாதீட்டில் சேர்க்க நேரம் இருக்கும். டிசம்பரில் போனால் ஒரு வருடம் வீண்.

தொழினுட்ப உத்தியோகத்தர் அளக்க வரும்போது கூடவே நடங்கள். மலைச்சரிவில் பாதையைக் கெடுப்பது ஓடும் தண்ணீர். மேட்டுப் பக்கத்து வடிகானும் தண்ணீர் கடக்கும் இடத்து மதகும் மதிப்பீட்டில் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். கொங்கிறீட்டுக்கு மட்டும் மதிப்பீடு போட்டால், அடுத்த தென்மேற்குப் பருவமழையில் அடிமண் கரைந்து ஓரம் உடையும்.

அதன்பிறகு உள்ளூராட்சி உதவி ஆணையாளர் அலுவலகத்தில் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். பதில் இல்லையானால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பியுங்கள். தகவல் தருவார்களா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.