ஆன்லைன் ரோல்பிளேயிங் கேம்களில் வாள், கவசம் போன்ற பொருள்களை ஆட்டக்காரரே செய்யும் முறையையும் கேரக்டரை நம் இஷ்டப்படி அமைக்கும் வசதியையும் ஏன் எடுத்துவிடுகிறார்கள்? எடுத்தது திரும்ப வருமா?

புதியவர்களுக்குப் புரியவில்லை என்பதுதான் கம்பெனிகள் சொல்லும் காரணம். அது பொய்யும் இல்லை. ஆனால் புரியாத அந்த முறைக்காகவே மாதாமாதம் பணம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்து மோசமான உதாரணம் ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ். 2003-ல் வந்தபோது அதில் 30-க்கும் மேற்பட்ட தொழில்கள். 250 திறன் புள்ளிகளைப் பிரித்துப் போட்டுப் பாதி சமையல்காரர், பாதி துப்பாக்கிக்காரர் என்றுகூட ஆடலாம். கவசம், வீடு, சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் இன்னொரு ஆட்டக்காரர் செய்து விற்றவை.

அதன் மூலப்பொருள் முறைதான் எனக்கு உயிர். அது வந்த காலத்தில் ராமேஸ்வரம் தீவில் எங்கள் தங்கச்சிமடத்துப் பக்கம் இந்த மாதிரி கேம் ஆடும் அளவுக்கு நெட் ஏது? ரசிகர்கள் நடத்தும் சர்வரில் பிற்பாடு பழைய பதிப்பைத்தான் ஆடினேன். இந்த வாரம் ஒரு கிரகத்தில் தரமான செம்பு கிடைக்கும். கொஞ்ச நாளில் அது தீர்ந்து, வேறெங்கோ வேறு பெயரில், வேறு தரத்தில் முளைக்கும். பழைய செம்பைப் பதுக்கி வைத்தவன் ராஜா. வாடைக்காற்று தொடங்கினால் வடகடலை விட்டுத் தென்கடலுக்கு மீன் பிடிக்கப் போகிற என் சித்தப்பாவுக்கு இதை விளக்கினேன். "இதுல விளையாட்டு எங்கடா இருக்கு, இது பொழப்புல்ல?" என்றார். அதேதான் சித்தப்பா!

அந்தப் பிழைப்பில்தான் 2005 நவம்பரில் மண் விழுந்தது. முந்தைய ஆண்டு வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற போட்டி கேம் கூட்டத்தை அள்ளிக்கொண்டிருந்தது. கேலக்ஸீஸ்காரர்களும் எளிமையாக்குகிறோம் என்று ஒரே அப்டேட்டில் தொழில்களை 9 ஆக்கினார்கள். தையல்காரர், ஆயுதம் செய்பவர் எல்லோரும் வணிகர் என்ற ஒரே தலைப்புக்குள் போனார்கள். விலங்கு பழக்கும் தொழில் அடியோடு போனது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் கேமுக்கான புதிய கூடுதல் பகுதியைக் காசுக்கு விற்றிருந்தார்கள். கூச்சல் கிளம்பியதும் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. 2011 டிசம்பர் 15-ல் கேமையே மூடிவிட்டார்கள்.

வார்கிராஃப்டும் யோக்கியமில்லை. 2012-ல் புள்ளி போட்டுக் கிளை கிளையாகத் திறன்களைத் தேர்ந்தெடுக்கும் பழைய திறன் மரங்களை வெட்டிப் போட்டது. எல்லோரும் இணையத்தில் பார்த்து ஒரே அமைப்பைக் காப்பியடித்தார்கள், அதனால் அங்கே காரணம் கொஞ்சம் நியாயம்தான். அப்புறம் 2022-ல் மரங்கள் புது வடிவில் திரும்பின.

ஆக, கேரக்டர் அமைக்கும் வசதி திரும்பலாம், அது ஒற்றை ஆளின் விஷயம். பொருள் செய்வது அப்படியல்ல. வாங்க ஆள் வேண்டும், வாங்கியது தேய்ந்து உடையவும் வேண்டும். உங்கள் கேமில் பெரிய எதிரியைக் கொன்றால் விழும் வாள், கொல்லர் செய்யும் வாளைவிட நல்லதா என்று பாருங்கள். நல்லது என்றால் கொல்லரிடம் வாங்க ஆள் இருக்காது, முறையை எடுக்கிறோம் என்ற அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் கையிருப்பை இப்போதே விற்றுவிடுங்கள்.