ஃபோம் கூட்டுக்கு ஃபைபர்கிளாஸ்: எது பிடிக்கும், எது உரியும்

கேள்வி: சின்ன கேம்பர் டிரெய்லர் ஒன்றுக்கு 50 மில்லிமீட்டர் நீல நிற ஃபோம் பலகையில் கூடு செய்துகொண்டிருக்கிறேன். நீளம் 2.4 மீட்டர், அகலமும் உயரமும் 1.2 மீட்டர். சுங்கை காடுட்டில் நண்பரின் தச்சுப் பட்டறையில் மாலை நேரங்களில் வேலை. கடையில் கொடுத்த ஃபைபர்கிளாஸ் ரெசினையும் பாயையும் ஒரு துண்டில் தடவிப் பார்த்தேன். ஃபோம் கரைந்து குழியாகிவிட்டது. எந்த ரெசின் வாங்குவது? துணி எவ்வளவு, எத்தனை அடுக்கு? எனக்கு இந்த வேலை முற்றிலும் புதிது. (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: துண்டில் தடவிப் பார்த்தீர்களே, அதுவே பெரிய காரியம். உங்களுக்குக் கிடைத்தது பாலியெஸ்டர் ரெசின். அதை நீர்க்கவைப்பது ஸ்டைரீன். உங்கள் நீலப் பலகை எக்ஸ்பிஎஸ், அதாவது பாலிஸ்டைரீன். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் ஸ்டைரீன் பட்ட இடத்தில் பாலிஸ்டைரீன் கரையும். வெள்ளை மணி மணியான ஸ்டைரோஃபோமுக்கும் இதே கதிதான். வினைல் எஸ்டர் ரெசினிலும் ஸ்டைரீன் உண்டு, அதுவும் வேண்டாம். ஃபோமின் மேல் சுவர்ப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்துவிட்டுப் பாலியெஸ்டர் போடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பெயிண்டில் ஊசிமுனை அளவு துளை இருந்தால் போதும், அதன் வழியே இறங்கி உள்ளே பள்ளம் பறித்துவிடும். துளையே இல்லாவிட்டாலும் ஃபைபர்கிளாஸ் பிடித்திருப்பது ஃபோமை அல்ல, பெயிண்டை.

எக்ஸ்பிஎஸ்ஸுக்கு ஸ்டைரீன் இல்லாத எபாக்சி ரெசின்தான். பாயையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நறுக்கிய இழைகளைத் தூவிச் செய்த அந்தப் பாயைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில் இளகுவதற்காகப் போட்டது. எபாக்சியில் அது இளகாது. பாய் விறைத்துக்கொண்டு மூலைகளில் படியாமல் நிற்கும், ரெசினையும் அளவுக்கு மீறிக் குடிக்கும். பாவும் ஊடுமாக நெய்த துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையில் கேளுங்கள். கடைக்காரர் ஆறு அவுன்ஸ் என்பார், இரண்டும் ஒன்றே. எபாக்சிக்கு ஏற்ற மேற்பூச்சு உள்ள துணிதானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரைகிற சங்கதி ரெசினோடு முடியவில்லை. அசிட்டோன், தின்னர், பெட்ரோல், சாதாரண ஸ்பிரே பெயிண்ட், கான்டாக்ட் பசை எல்லாம் இந்தப் பலகையைத் தின்னும். பலகைகளை ஒட்டுவதற்கு ஈரத்தில் நுரைத்து இறுகும் பாலியூரிதேன் பசையோ, தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்சியோ நல்லது. தூசி தட்ட தூரிகையும் வாக்குவமும் போதும். ஃபோமை அசிட்டோன் துணியால் துடைக்கவே கூடாது.

இனி எத்தனை அடுக்கு என்ற கேள்வி. புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் அடுக்கைக் கூட்டினால் பலம் கூடும் என்றே எண்ணுகிறார்கள். இந்தக் கூட்டின் விறைப்பு, உள்ளும் வெளியுமாக இரண்டு மெல்லிய ஃபைபர்கிளாஸ் தோல்களை 50 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்திப் பிடிப்பதிலிருந்து வருகிறது. வளைக்கும்போது ஒரு தோல் இழுபடும், எதிர்த்தோல் நசுங்கும், நடுவில் ஃபோம் அவற்றை நகரவிடாமல் பிடிக்கும். ஆகவே உள்பக்கமும் துணி கட்டாயம். வெளியே மட்டும் போட்டால் பாதி வேலைதான். தோல் ஃபோமை விட்டு உரிந்த இடத்தில் நாலு அடுக்கு இருந்தாலும் பயனில்லை. ரெசினைவிட ஒட்டும் பரப்பைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும்.

எக்ஸ்பிஎஸ் பலகை தொழிற்சாலையிலிருந்து வழவழப்பான தோலோடு வருகிறது. எபாக்சி அதன்மேல் சரியாகப் பிடிக்காது. 40 அல்லது 60 எண் உப்புத்தாளால், நீளக் கட்டையில் சுற்றி, பளபளப்பு ஒரு புள்ளிகூட இல்லாமல் தேயுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் விட்டுப்போன இடங்கள் மினுங்கிக் காட்டிக்கொடுக்கும். பிறகு சோதனை: தேய்த்த துண்டு ஒன்றில் 5 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் நீளமுள்ள துணியை எபாக்சியில் ஒட்டி, ஒரு முனையைப் பிடிப்பதற்காக விட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்து அந்த முனையைப் பிடித்து உரியுங்கள். துணியின் அடியில் நீல ஃபோம் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு, பலகையில் சொரசொரவென்று பள்ளம் விழுந்தால் தேறியது. துணி சுத்தமாக, பிளாஸ்திரி கழல்வதுபோலக் கழன்று வந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறாமல் கூட்டில் கை வைக்காதீர்கள்.

வெளி விளிம்புகளை 12 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது உருட்டுங்கள். கூரான விளிம்பில் துணி மடங்காமல் எழும்பி, அடியில் நீளமாகக் காற்று சிக்கும். உள்மூலைகளில் தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்சிப் பட்டியை 20 மில்லிமீட்டர் ஆரத்தில் இழைத்து, ஈரம் காய்வதற்குள் மேலே துணி நாடாவை ஒட்டுங்கள். நாடாக்களை 45 டிகிரி சாய்வாக வெட்டிக்கொண்டால் வளைவில் சுலபமாகப் படியும், இரண்டு பக்க இழைகளும் மூலையைக் கடந்து போகும். கதவுக் கீல், பூட்டு, சட்டகத்தோடு கூட்டை இறுக்கும் போல்ட் வரும் இடங்களில் துணி போடும் முன்பே ஃபோமை வெட்டியெடுத்துப் பிளைவுட் துண்டு பதியுங்கள். ஃபோமில் போல்டை இறுக்கினால் வாஷர் அமுங்கிக்கொண்டே போகும், நாலு மாதத்தில் ஆட்டம் கொடுக்கும். பிளைவுட்டில் துளையைப் பெரிதாகப் போட்டு, கெட்டி எபாக்சியால் நிரப்பி, காய்ந்தபின் சரியான அளவில் மறுபடி துளைத்தால் மழைத்தண்ணீர் மரத்துக்குள் இறங்காது.

அளவுக் கணக்கு இது. இரண்டு பக்கச் சுவர் 5.8 சதுர மீட்டர். கூரை, முன், பின் சேர்த்து இன்னொரு 5.8, தரை 2.9. ஆக வெளிப்பரப்பு ஏறக்குறைய 14.5. வெளியே எங்கும் 200 கிராம் துணி ஓர் அடுக்கு, கூரையிலும் முன்முகத்திலும் மட்டும் இரண்டு. வெட்டு விரயம், மூலை நாடா எல்லாம் சேர்த்து 22 சதுர மீட்டர் வாங்குங்கள். உள்ளே 135 கிராம் துணி ஓர் அடுக்கு போதும், 14 சதுர மீட்டர். எபாக்சியில் ஃபோம் துளைகளை அடைக்கச் சதுர மீட்டருக்கு 200 கிராம், துணியை நனைக்கத் துணியின் எடைக்குச் சமமாக, வெளியே மட்டும் நெசவை மூட இரண்டு கோட்டுக்குத் தலா 120 கிராம். வெளிப்பக்கத்துக்கு 10 கிலோவுக்குச் சற்று மேல் வரும், உள்பக்கத்துக்கு 5 கிலோ. மூலைப் பட்டியும் கோப்பையில் வீணாவதும் சேர்த்து, ஹார்டனரோடு (ரெசினில் கலந்து அதை இறுகவைக்கும் இரண்டாம் பாகம்) மொத்தம் 18 கிலோ. ஃபோம் 23 கிலோதான் என்பதால், கதவும் பிளைவுட்டும் நீங்கலாக வெறும் கூடு 45 கிலோவுக்குள் நிற்கும்.

ஹார்டனர் வாங்கும்போது மெதுவாக இறுகும் வகையைக் கேளுங்கள். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் பெரும்பாலும் 25 டிகிரிக்கு உரியது. வெப்பம் 10 டிகிரி கூடினால் நேரம் ஏறக்குறைய பாதியாகும். 40 நிமிடம் என்று போட்டிருந்தால் நம் ஊர் 32 டிகிரியில் 25 நிமிடமே என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பையில் குவிந்திருந்தால் அதுவும் இல்லை. எபாக்சி தன் சூட்டில் தானே வேகமெடுக்கும், கடைசியில் கோப்பை புகையும். 300 கிராமுக்கு மேல் ஒரு தடவை கலக்காதீர்கள், கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிவிடுங்கள். பள்ளத்தைத் தடிமனாக எபாக்சி ஊற்றி நிரப்பினாலும் அந்தச் சூடு ஃபோமை உருக்கும்.

கலப்பதற்குச் சமையலறைத் தராசு போன்ற டிஜிட்டல் தராசு வேண்டும். எடைக்கணக்கு ஒன்றும் கொள்ளளவுக் கணக்கு ஒன்றுமாக டப்பாவில் இரண்டு இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல வேலைகள் பிசுபிசுப்பாகவே நின்றுவிடுகின்றன. பாலியெஸ்டரில் ஹார்டனரைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம், எபாக்சியில் கூடாது. அதிகம் ஊற்றினால் சீக்கிரம் காயாது, கடைசிவரை காயாமலே போகும். இரண்டு நிமிடம் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்கி, வேறு கோப்பைக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள்.

மாலை நேர வேலை என்றீர்கள். அது உங்கள் அதிர்ஷ்டம். பகலில் தகரக் கூரையின் கீழ் சூடு ஏற ஏற, பலகை இணைப்புகளிலும் கீறல்களிலும் சிக்கிய காற்று விரிந்து ஈரத் துணியைக் கொப்புளமாகத் தூக்கும். சூடு இறங்கும் நேரத்தில் அது சுருங்கி, ரெசினை உள்ளிழுக்கும். ஐந்து மணிக்குமேல் ஆரம்பியுங்கள். ஆனால் இரவு ஏற ஈரப்பதமும் ஏறும், விடியலில் 90 சதவீதத்தைத் தாண்டும். அதனால் காலையில் எபாக்சியின் மேல் மெழுகு தடவியது போன்ற வழுக்கல் இருக்கும். ஹார்டனரிலுள்ள அமீன் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. வெறும் தண்ணீரும் பச்சை நாரும் கொண்டு தேய்த்துக் கழுவினால் போய்விடும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் மெழுகைத் தேய்த்துப் பரப்புவதுதான் மிஞ்சும், அடுத்த கோட் உரியும். கொப்புளத்தை அறுத்து ஒட்டுப்போட வேண்டும், வழுக்கலைக் கழுவினால் தீரும். அதனால் மாலையே மேல். சாரல் உள்ளே வராமல் ஷட்டரை இறக்கிக்கொள்ளுங்கள். நண்பரிடம் சொல்லி, அன்று ரம்பம் ஓடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், மரத்தூள் ஈர ரெசினில்தான் போய் உட்காரும்.

பக்கச் சுவர்களும் தரையும் இன்னும் தனித்தனியாக இருக்கின்றன என்றால், அவற்றின் உள்பக்கத்தை மேசையில் படுக்கவைத்தே முடித்துவிடுங்கள். கூட்டிய பிறகு உள்ளே குனிந்து, தலைக்குமேல் ரெசின் சொட்டச் சொட்டச் செய்வது அனுபவசாலிக்கே கடினம்.

துணி போடும் முறை: எபாக்சியில் மைக்ரோபலூன் என்ற மெல்லிய வெற்று மணித்தூளைக் கஞ்சிப் பதத்துக்குக் கலந்து, பிளாஸ்டிக் பட்டித் தகட்டால் ஃபோமின் மேல் இழுத்து அழுத்துங்கள். துளைகளை நிரப்பினால் போதும், மேலே தேங்கக் கூடாது. அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே துணியை உலர்ந்தபடி விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவுங்கள். பிறகு தூள் கலக்காத எபாக்சியை நடுவில் ஊற்றித் தகட்டால் பரப்புங்கள். வெள்ளைத் துணி நனைய நனையக் கண்ணாடிபோலாகி ஃபோமின் நீலம் தெரியும். வெண்மையாக நிற்கும் இடம் வறண்ட இடம். பளபளவென்று குளமாக நிற்கும் இடத்தில் துணி மிதக்கிறது. தகட்டைச் சாய்த்து உபரியை வழித்தெடுங்கள். சரியான பதத்தில் நெசவு தெரியும், மினுமினுப்பு மங்கலாக இருக்கும். ஓரங்களில் 50 மில்லிமீட்டர் மேல்மடிப்பு விடுங்கள். அடுத்த கோட், நகம் அழுத்தினால் தடம் விழும் நிலையில் போட்டால் தேய்க்க வேண்டாம். மறுநாள் ஆகிவிட்டால் கழுவி, 80 எண் உப்புத்தாள் போட்டுப் பிறகு பூசுங்கள்.

காய்ந்தபின் பத்துக் காசு நாணயத்தால் கூடு முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டிய இடம் ‘டக்’கென்று இறுக்கமாக ஒலிக்கும், ஒட்டாத இடம் காய்ந்த தேங்காய்ச் சிரட்டையைத் தட்டியதுபோலக் கேட்கும். அங்கே பென்சிலால் வட்டம் போடுங்கள். கைப்பிடி அளவுக்குள் இருந்தால் இரண்டு ஓரத்தில் துளையிட்டு, ஒன்றில் ஊசியால் எபாக்சி ஏற்றி, மற்றதில் வழியும்வரை நிரப்பலாம். அதைவிடப் பெரியது என்றால் வெட்டியெடுத்துப் புதிதாக ஒட்டுங்கள்.

எபாக்சியை வெயிலில் விட்டால் மங்கி மாவாகும், எனவே இரண்டு பாகப் பாலியூரிதேன் பெயிண்ட் அவசியம். நிறம் வெள்ளை, அல்லது வெள்ளைக்குப் பக்கத்தில். கறுப்பும் கருநீலமும் அழகுதான், ஆனால் வெயிலில் கரும்பரப்பு 70 டிகிரியைத் தொடும். அறைச் சூட்டில் இறுகிய எபாக்சி 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், எக்ஸ்பிஎஸ் 75 டிகிரிக்குமேல் தாங்காது. அந்தச் சூட்டில் ஃபோம் வாயு விட்டு, பாடுபட்டு ஒட்டிய தோலை உள்ளிருந்தே உரிக்கும்.

உடம்பு விஷயத்தில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் வாழ்நாளுக்கும் போகாது, பிறகு எபாக்சி இருக்கும் இடத்தில் நிற்கவே முடியாமல் போகலாம். நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, கரிம ஆவி வடிகட்டி முகக்கவசம், தேய்க்கும்போது என்95. தோலில் பட்டால் துடைத்துச் சோப்புப் போடுங்கள். அசிட்டோன் ரெசினைத் தோலுக்குள்ளேதான் கடத்தும். மீதி வேலையை வீட்டுத் தாழ்வாரத்திற்குக் கொண்டுபோகாதீர்கள், பக்கத்து வீட்டுக் குழந்தை சுவாசிக்கும் காற்று அது. கூட்டுக்குள் அடுப்பு, மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி எதுவும் கூடாது. எக்ஸ்பிஎஸ் பற்றினால் கரும்புகை நொடிகளில் நிறையும். ஆள் வெளியேற எதிரெதிரே இரண்டு வழி வையுங்கள், இரண்டு காற்றுத் துவாரமும்.

பதிவு செய்யாத டிரெய்லரைச் சிங்கப்பூர்ச் சாலையில் இழுக்க முடியாது. விளக்கு, அளவு, இணைப்புக் கொக்கி பற்றி நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் இப்போதே கேட்டுவிடுங்கள். பெயிண்ட் அடித்தபின் விளக்குக்காகக் கூட்டை வெட்டுவது மனசுக்குக் கஷ்டம்.

சோதனைத் துண்டு தேறியதும் தரையின் அடிப்பக்கத்தில் ஆரம்பியுங்கள். தட்டையான பரப்பு, யார் கண்ணிலும் படாது, கை பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. கூரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அன்று 1.2 மீட்டர் துணியின் மறுமுனையைப் பிடிக்க நண்பரும் கூட இருக்கட்டும்.