லேசர் படகும் அந்தமானும்: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

கொடைக்கானல் ஏழு ரோடு பக்கம் கடை வைத்திருக்கிறேன். வயது 34. சென்ற ஆண்டு சென்னையில் பதினைந்து நாள் பாய்மரப் படகுப் பயிற்சி எடுத்தேன். பிறகு ஒரு பழைய லேசர் படகை விலைக்கு வாங்கி அங்கேயே நிறுத்தியிருக்கிறேன். அதில் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குத் தனியாகப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. படகை மலைக்குக் கொண்டுவந்து நம் ஏரியில் ஓராண்டு பழகினால் போதுமா? தினமும் அதிகாலையில் ஏரியைச் சுற்றி ஓடுகிறேன். வாரம் ஒருமுறை பெருமாள் மலை ஏறுகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

ஏரியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் முதலில் படகைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. லேசர் 4.23 மீட்டர் நீளமும், உடற்பகுதி மட்டும் ஏறத்தாழ 59 கிலோ எடையும் உள்ள பந்தயப் படகு. டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டியதும் இந்த வகைதான், சற்றே சிறிய பாயுடன். ஒருவர் சில மணி நேரம் உடம்பை வெளியே சாய்த்து ஓட்டிவிட்டுக் கரைக்குத் திரும்புவதற்காகச் செய்யப்பட்ட அதில் படுக்கவும் இடமில்லை, பொருள் வைக்கவும் அறையில்லை.

இதைவிடச் சிறிய படகில் அட்லாண்டிக்கைக் கடந்தவர் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். 1965இல் ராபர்ட் மேன்ரி என்ற அமெரிக்கர், நாளிதழ் ஒன்றில் செய்திகளைச் செப்பனிடும் பணியிலிருந்தவர், பதின்மூன்றரை அடிப் படகொன்றில் 78 நாள் தனியே பயணம் செய்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஆனால் அவர் புறப்படுவதற்கு முன்பு அந்தப் பழைய மரப்படகின் மேல் மூடிய சிற்றறை ஒன்றைத் தம் கையால் கட்டி, அதன் வடிவத்தையே மாற்றியிருந்தார். அவர் கடந்தது சுமார் 3,200 மைல், அதாவது நாளொன்றுக்கு 41 மைல். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர், சுமார் 850 மைல். மேன்ரியின் வேகத்தில் அது ஏறத்தாழ 21 நாள். நம் கடல் வெயிலில் நாளுக்கு நான்கு லிட்டர் குடிநீர் என்று வைத்தால் தண்ணீர் மட்டும் 84 கிலோ, உங்கள் படகின் உடலைவிட அதிகம். ஆகவே லேசரைப் பள்ளிக்கூடமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தமானுக்கு அது ஆகாது.

பள்ளிக்கூடம் என்ற அளவில் நம் ஏரி மோசமில்லை. 1863இல் லெவிஞ்ச் துரை அணைகட்டி உண்டாக்கிய அந்த நீர்ப்பரப்பு நட்சத்திரம்போல் பல கைகள் விரிந்தது. சுற்றிலும் மேடும் மரங்களும் இருப்பதால் காற்று ஒவ்வொரு கைக்குள்ளும் வெவ்வேறு திசையில் திரும்பி, சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். சுக்கானிலும் பாய்க்கயிற்றிலும் கை தானாக இயங்கப் பழகுவதற்கு அதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடைப்பது அரிது. (சொந்தப் படகை இறக்க எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றுலாப் பயணிகளின் மிதிபடகுகளுக்கு நடுவே லேசர் ஓட்டுவது யாருக்கும் நல்லதல்ல.)

ஆனால் இந்த ஏரி ஒரு விஷயத்தில் உங்களை ஏமாற்றும். 2,100 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், ஒரே வேகத்தில் வீசினாலும் கடல்மட்டத்தில் பாயின்மேல் விழும் விசையில் ஐந்தில் ஒரு பங்கு இங்கே குறைந்துவிடும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே முழுப்பாயுடன் சமாளித்த காற்றைக் கடலிலும் அப்படியே சமாளிக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஓட்டமும் மலையேற்றமும் நல்லவையே. எனினும் பயிற்சியின் கணக்கை நாள்களிலோ கிலோமீட்டர்களிலோ எழுதாமல், படகு கவிழ்ந்து நீங்களே நிமிர்த்தி ஏறிய தடவைகளில் எழுதுங்கள். வேண்டுமென்றே கவிழுங்கள். ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடியே நீந்திச் சுற்றி வந்து, பாய்க்கயிற்றைத் தளர்த்தி, அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்றுக்கு எதிரே திருப்பி, படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையின்மேல் நின்று விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும், முழு உடையோடும், அந்தி மங்கும்போதும், எல்லாவற்றுக்கும் மேலாக நன்றாகக் களைத்துப்போன பிறகும் இதைச் செய்து பாருங்கள்.

நான் இதைக் கற்றது பாக் விரிகுடாவில், மண்டபத்துக்கு வடக்கே. ஒரே பிற்பகலில் மூன்றுமுறை கவிழ்ந்தேன். இரண்டுமுறை கால்மணிக்குள் ஏறிவிட்ட எனக்கு, மூன்றாம்முறை படகு நிமிர்ந்தும் அதற்குள் என்னைத் தூக்கிப் போடக் கையில் வலு இல்லை. கச்சான் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் இலங்கையுடனான கடல் எல்லை. தற்செயலாக வந்த ஒரு மீன்பிடி வள்ளத்தார் இழுத்துப் போட்டார்கள். காலையில் முதல்முறை நிமிர்த்துவதை மட்டுமே அதுவரை பழகியிருந்தேன்.

மார்கழி, தை மாதங்களில் ஏரியில் இந்தப் பயிற்சி வேண்டாம். குளிர்நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது. பத்து நிமிடம் போனால் விரல்கள் முடிச்சை அவிழ்க்கக்கூட உதவாது. மற்ற மாதங்களிலும் உயிர்காப்புச் சட்டை அணிந்திருங்கள். துடுப்புப் படகில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

ஏரி ஒருபோதும் கற்றுத்தராதவை அலையும் குமட்டலும் தூக்கமின்மையும். மேன்ரி பலமுறை கடலில் தூக்கி எறியப்பட்டார். படகோடு பிணைத்த கயிறுதான் அவரைக் காப்பாற்றியது. தூக்கம் கெட்டு, படகில் இல்லாத மனிதர்களோடு பேசும் நிலைக்கும் அவர் ஆளானார். தனியே போகிறவர் இருபது நிமிடம் இருபது நிமிடமாகத்தான் தூங்க முடியும். தொடுவானில் தெரியும் கப்பல் அரைமணிக்குள் உங்கள்மேல் வந்துவிடலாம். 2018இல் தெற்கு இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகில் அடிபட்டு அசைய முடியாமல் கிடந்த அபிலாஷ் டோமி, அதற்கு முன்பே எங்கும் நிற்காமல் உலகைத் தனியே சுற்றி வந்தவர். அவரையே மற்றவர்கள்தான் மீட்க வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் வழியாக அபாய அறிவிப்பு அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி இல்லாமல் நீங்கள் கரையை விட்டு விலகக் கூடாது. கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணைக் கரையிலிருக்கும் உங்கள் வீட்டார் மனப்பாடம் செய்திருக்கட்டும்.

ஆகவே ஓராண்டு போதாது. இரண்டாண்டு என்றால் யோசிக்கலாம். முதலாண்டு ஏரி. இரண்டாமாண்டு சென்னைத் துறைமுகத்தில் உள்ள பயிற்சி மன்றங்களில் சேர்ந்து, துணைப்படகோடு கடலில் பகல் ஓட்டம், பிறகு பெரிய படகில் பிறரோடு இரவுக்காவல். புயல் காலமான ஐப்பசி, கார்த்திகையைத் தொடவே வேண்டாம். 2018இல் வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா நம் மலையிலேயே மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர் நீங்கள். அந்தமானைப் பற்றிய முடிவை அதற்குப் பிறகு, மூடிய அறையுள்ள வேறொரு படகோடு எடுத்துக்கொள்ளலாம்.

லேசரைக் காட் ரோட்டில் ஏற்றிவரும் முன் ஒன்று செய்யுங்கள். பாய்மரம் நிற்கும் குழியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் குழியின் அடி விரிசல் விட்டு, தண்ணீர் படகின் உடலுக்குள் போகிறது என்று பொருள். பழைய லேசர்களில் அடிக்கடி காணும் கோளாறு இது. அதைச் சரிசெய்யாமல் ஏரியில்கூட இறக்க வேண்டாம்.