கண்காட்சியில் எழுதிக் கொடுத்த எண்

கடந்த சனிக்கிழமை காலையில், மலேசியாவில் சுங்கை சிப்புட்டை அடுத்த செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயும், பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த அவருடைய மகளும் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னைத் தேடி வந்தார்கள். தாயின் கையில் ஒரு தனியார் கல்லூரியின் கட்டணத்தாள் நான்காக மடிக்கப்பட்டிருந்தது. அடிப்படைக் கல்வி ஓராண்டு, செயற்கை நுண்ணறிவுப் பட்டப்படிப்பு மூன்றாண்டு, தங்குமிடம் நீங்கலாக 92,000 வெள்ளி (ரிங்கிட்). பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தாய்மாமன் இதைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். படித்து முடித்ததும் பிள்ளை சொந்தமாக ஒரு ஸ்டார்ட்அப் தொடங்கலாம், முதலீட்டாளர்கள் தேடி வந்து பணம் கொடுப்பார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. குலை வெட்டும் வேலையில் இருக்கும் தந்தை ஒன்றும் சொல்லவில்லை. "நாங்கள் வேண்டாமென்று சொல்லி, நாளைக்கு அவள் வாழ்க்கை கெட்டுப்போனால் என்ன செய்வது சார்?" என்று அந்தத் தாய் கேட்டார்.

மகள் அரைமணி நேரம் வாய் திறக்கவில்லை. நேராக அவளைக் கேட்டபோது, படிப்பைப் பற்றி எதுவும் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டாள். "கல்விக் கண்காட்சியில் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் நம்பர் எழுதிக் கொடுத்தேன் சார். இப்போது நாலு இடத்திலிருந்து கூப்பிடுகிறார்கள். மற்ற மூன்று பேருக்கு என் நம்பர் எப்படிப் போனது?" எழுதிக் கொடுத்த படிவத்தை அவள் அன்றே படமெடுத்து வைத்திருந்தாள். அதன் அடியில் பொடி எழுத்தில் இருந்த, தகவலைக் கூட்டாளி நிறுவனங்களுடன் பகிரலாம் என்ற வரியை எனக்குப் பெரிதாக்கிக் காட்டினாள். அந்தக் கல்லூரிக்கு மலாய் மொழியில் ஒரு மின்னஞ்சலும் அனுப்பியிருந்தாள், பதில் வரவில்லை. தாய்க்கு இது வீண் வேலையாகப் பட்டது. எனக்கோ, இத்தனை ஆண்டுகளில் இப்படி ஒரு படிவத்தின் அடிவரியைப் படித்துவிட்டு வந்த பிள்ளையைப் பார்த்த நினைவில்லை.

அவர்களுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் தோட்டத்தின் பெயரும் வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டதும் அந்தப் பெண்தான்.

அம்மா, அன்று உங்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினேன். வீடு திரும்பிய பிறகு அது போதாது என்று தோன்றியது. அந்தக் கல்லூரிக்குப் பணம் கட்டாதீர்கள் என்று அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அடுத்த ஆண்டு கணவருக்கு 55 வயது நிறைகிறது, ஊழியர் சேமநிதியான இ.பி.எப். பணம் முழுவதையும் எடுக்கலாம், அதில் 40,000 வெள்ளியைக் கட்டிவிட்டு மீதிக்கு பி.டி.பி.டி.என். என்னும் அரசாங்க உயர்கல்விக் கடன் வாங்கலாம் என்று உங்கள் தம்பி கணக்குப் போட்டிருக்கிறார். இன்றைய குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 வெள்ளி. தொழிலாளியின் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து அந்த ஊதியத்துக்கு மாதம் 408 வெள்ளி சேமநிதிக்குப் போகிறது. லாப ஈவை விட்டுவிட்டுப் பார்த்தால், 40,000 வெள்ளி என்பது எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சேமிப்பு. அதுவும் இன்றைய ஊதியத்தில் போட்ட கணக்கு, அவருடைய இளமைக் காலத்துச் சம்பளம் இதைவிட எவ்வளவு குறைவு என்பது உங்களுக்கே தெரியும். தோட்டத்து வீடு வேலை இருக்கும் வரைதான். வேலை முடிந்த பிறகு நீங்கள் இருவரும் தலைசாய்க்கப் போகும் வீட்டுக்கான பணம் அதுதான். அதை எந்தப் படிப்புக்கும், எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைக்கும், எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பி.டி.பி.டி.என். கடனுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணம்தான் என்பது உண்மை. ஆனால் தனியார் கல்லூரியின் கட்டணம் முழுவதையும் அது அடைக்காது, வாங்கிய கடன் உங்கள் மகளின் பெயரில்தான் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டத்தின் பெயரில் அந்தச் சொல் இருப்பதற்காகவே இவ்வளவு பணம் கொடுக்க வேண்டியதில்லை என்கிறேன். கணிதமும் நிரலாக்கமும் நன்றாகக் கற்றவர்கள் எந்தப் பெயர் கொண்ட பட்டத்திலிருந்தும் அந்த வேலைக்குப் போகலாம்.

அடுத்தது ஸ்டார்ட்அப் கனவு. உங்கள் தம்பி நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் முதலீட்டாளர் கொடுக்கும் பணம் பரிசுப் பணமில்லை. கொடுத்த பணம் பல மடங்காகத் திரும்ப வேண்டும், அதுவும் சில ஆண்டுகளுக்குள் வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு வருவது அது. இலவசமாகச் செயலியைக் கொடுத்து இலட்சக்கணக்கானவர்களைச் சேர்த்துவிட்ட நிறுவனம், அந்த அவசரத்தில் என்ன செய்யும்? அதன் கையில் விற்பதற்கு இருப்பது பயனீட்டாளர்களின் தகவல்தான். யார் எங்கே போகிறார், எதை வாங்குகிறார், யாரோடு பேசுகிறார் என்பதெல்லாம் விளம்பரதாரருக்குப் போய்ச் சேருகிறது. நிறுவனத்தைத் தொடங்கியவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் நாளைக்கு அதை வேறொருவருக்கு விற்றுவிட்டால், அந்தத் தகவலும் கைமாறிவிடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிய பாடமில்லை. 1950களிலும் 1960களிலும் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுதுண்டாகப் பிரித்து விற்றார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தொழிலாளர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த, அன்று அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களின் சிறுசிறு பங்குப் பணத்தைத் திரட்டி 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். அவர்கள் முதலில் வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம். ஒரு தொழில் யாருடைய பணத்தில் நடக்கிறதோ அவருடைய விருப்பப்படியே நடக்கும் என்பதை உங்கள் மாமனார், மாமியார் தலைமுறை வாழ்ந்து பார்த்திருக்கிறது.

கணினித் தொழிலிலும் இதையே வலியுறுத்துபவர் ஒருவர் இருக்கிறார். தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்த ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யிலும், பிறகு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். 1996இல் தொடங்கி இன்று ஸோஹோ என்று அறியப்படும் அவருடைய நிறுவனம், வெளி முதலீட்டாளர்களின் பணத்தில் வளர்ந்ததில்லை. வாடிக்கையாளர் கொடுக்கும் சந்தாவில் வளர்ந்தது. விளம்பர வருமானத்துக்காகப் பயனீட்டாளரின் தகவலை விற்பதில்லை என்பதை அது தன் கொள்கையாகவே அறிவித்திருக்கிறது. தம் இணையப் பக்கங்களுக்கு வருவோரைப் பிற நிறுவனங்கள் பின்தொடர்ந்து வேவு பார்க்க உதவும் நிரல்களை 2020இல் நீக்கியதாகவும் அறிவித்தார்கள். பெருநகரத்தை விட்டுத் தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறை என்ற கிராமத்திலிருந்து வேலை செய்வதை அவர் விரும்பித் தேர்ந்தெடுத்தார். பெருங்கடன் வாங்கிப் பட்டம் படிப்பதற்கு எதிராகவும் பேசிவருகிறார். பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி தரும் பள்ளிகளை அவருடைய நிறுவனம் நடத்துகிறது.

அவர் சொல்வதெல்லாம் நமக்குப் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய நிறுவனம் பட்டத்தைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. நம் நாட்டு முதலாளிகள் பெரும்பாலும் கேட்கிறார்கள். தோட்டத்திலிருந்து போகும் இந்தியப் பெண்ணுக்குச் சான்றிதழ் இல்லையென்றால் நேர்முகத்துக்கே அழைப்பு வராது. ஆகவே அவளுக்குச் சான்றிதழ் வேண்டும், கடன் வேண்டாம்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகளான படிவம் 6, மெட்ரிகுலேஷன் பற்றிப் பள்ளியிலேயே சொல்லியிருப்பார்கள். அவற்றை நான் இங்கே விரிக்கப் போவதில்லை. யாரும் உங்களிடம் சொல்லியிருக்காத ஒரு வேலையைப் பற்றிச் சொல்கிறேன். அதற்குத் தரவுப் பாதுகாப்பு அதிகாரி என்று பெயர்.

நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பல ஆண்டுகள் அது ஒரு பொடி எழுத்து அறிவிப்போடு நின்றுவிட்டது. 2017இல் 4 கோடியே 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் கசிந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். அப்போதைய மக்கள்தொகையைவிட அது அதிகம். 2024இல் சட்டம் திருத்தப்பட்டது. அபராதத்தின் உச்ச வரம்பு 3 இலட்சத்திலிருந்து 10 இலட்சம் வெள்ளியாகவும், சிறைத்தண்டனை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகவும் உயர்ந்தன. 2025 ஜூன் 1 முதல், 20,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தகவலைக் கையாளும் நிறுவனம் ஒரு தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமித்தே ஆக வேண்டும். உடல்நலம், பணம் போன்ற நுண்ணிய தகவலானால் 10,000 பேருக்கு மேல் இருந்தாலே போதும். மத்திய, மாநில அரசாங்கங்கள் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. அவையும் உள்ளே வர வேண்டும் என்பது என் விருப்பம்.

அந்த அதிகாரி என்ன செய்வார் என்று கேட்பீர்கள். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். பதிவு முகப்பில் எழுதும் படிவம், மருந்தகக் கணினி, காப்புறுதிக்கு அனுப்பும் கோப்பு, வாசலில் இருக்கும் கேமரா, ஊழியர்கள் வருகைக்கு விரல் வைக்கும் இயந்திரம் என்று எங்கெங்கே மனிதருடைய தகவல் சேருகிறதோ, அத்தனையையும் அவர் பட்டியலிட வேண்டும். இந்த விவரம் எதற்கு வேண்டும், யார் பார்க்கலாம், எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். விரல்ரேகையும் முகப்பதிவும் இப்போது நுண்ணிய தகவல் வகையில் சேர்ந்துவிட்டன. நோயாளி ஒருவர் தம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டால், 21 நாள்களுக்குள் பதில் போக வேண்டும். பெருந்தீங்கு தரக்கூடிய கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும், அதன்பின் 7 நாள்களுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும். அந்த இரவுகளில் அவருக்குத் தூக்கம் இருக்காது. விற்பனைப் பிரிவு ஒரு புதிய செயலியைக் கொண்டுவந்து வாடிக்கையாளரின் தொடர்புப் பட்டியல் முழுவதையும் எடுக்கலாம் என்று சொல்லும்போது, கூடாது என்று மேலாளரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவரும் அவரே.

இந்த வேலைக்கு இன்ன பட்டம்தான் வேண்டும் என்று வழிகாட்டி விதிகள் சொல்லவில்லை. சட்டம் தெரிய வேண்டும், நிறுவனம் எப்படி நடக்கிறது என்பது தெரிய வேண்டும், கணினிப் பாதுகாப்பு தெரிய வேண்டும், மலாயும் ஆங்கிலமும் நன்றாக வர வேண்டும். இந்தப் பணியை வெளியாரிடம் ஒப்பந்தமாகக் கொடுக்கவும் விதி இடம் தருகிறது. பத்து ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு உங்கள் மகள் சொந்தத் தொழில் தொடங்க விரும்பினால், மருத்துவமனைகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இந்தச் சேவையை விற்கலாம். அதற்கு ஒரு மேசையும் கணினியும் போதும்; எந்த முதலீட்டாளரின் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

பள்ளி முடித்த பிள்ளைக்கு அந்த நாற்காலி நேரே கிடைத்துவிடாது. ஈப்போவில் 1969 முதல் இயங்கும் உங்கு ஓமார் போலிடெக்னிக் போன்ற ஒன்றில் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமாவுக்கு, அரசாங்க உயர்கல்வி நிலையங்களுக்கான விண்ணப்ப முறையான யு.பி.யு. வழியாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். போலிடெக்னிக்கில் ஒரு பருவத்துக்குக் கல்விக் கட்டணம் 200 வெள்ளி அளவில்தான். படிப்போடு தொழிற்பயிற்சியும் உண்டு; அதை மருத்துவமனையிலோ, காப்புறுதி நிறுவனத்திலோ, தகவல் குவியும் வேறோர் இடத்திலோ செய்ய முயல வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகு, தன் சம்பளத்தில், சட்டமோ கணினியோ பகுதிநேரப் பட்டமாகப் படிக்கலாம். மாமா சொல்லும் வழியைவிட இதற்கு ஓரிரு ஆண்டு கூடுதலாகும் என்பதை மறைக்க மாட்டேன். உறவினர் வீட்டுத் திருமணத்தில் "போலிடெக்னிக்கா?" என்று யாராவது கேட்பார்கள், அதையும் நீங்கள் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

நீங்கள் வீண் வேலை என்று நினைத்த அந்த மின்னஞ்சலில் ஒரு குறைதான் இருந்தது. யார் என் எண்ணைக் கொடுத்தது என்று அவள் கேட்டிருந்தாள், சட்டத்தின் எந்தப் பிரிவின்படி என்று சொல்லவில்லை. விற்பனை அழைப்புகளை நிறுத்தச் சொல்லும் உரிமையை 43ஆம் பிரிவு அவளுக்குத் தருகிறது. நான் அதைச் சொன்னதும் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, 43க்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று கேட்டாள். சட்டத்தின் முழு வடிவத்தை அவளுக்கு அனுப்பியிருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முடிந்தால் உங்கள் தம்பியும் வரட்டும்; அவரிடம் நானே பேசுகிறேன். அதுவரை, இடத்தை உறுதி செய்ய இந்த வாரமே கட்ட வேண்டும் என்று அந்தக் கல்லூரி கேட்கும் 500 வெள்ளியைக் கட்ட வேண்டாம்.