மெல்லிய ஸ்லாப் செரிஃப் எழுத்துரு எதற்குப் பொருந்தும்?

ஸ்லாப் செரிஃப் என்பது எழுத்துகளின் முனைகளில் சதுரமான பட்டைகள் கொண்ட எழுத்துரு வகை. அதன் மெல்லிய வடிவம் தலைப்பு, அழைப்பிதழ், சமையல் குறிப்பின் பெயர் ஆகியவற்றுக்கு நன்றாகப் பொருந்தும். நீண்ட பத்திகளுக்கு வேண்டாம். ஒரு பத்திரிகைக்காக 2001இல் உருவான ஆர்ச்சர் என்ற எழுத்துருவைப் பாருங்கள்: முனைப்பட்டைகள் சதுரமாக இருந்தாலும் அதன் மிக மெல்லிய வடிவில் தடிமன் கோட்டளவுதான். சில எழுத்துகளின் நுனியில் இருக்கும் சிறு உருண்டைகளே அந்த விறைப்பைத் தணிக்கின்றன.

மிக மெல்லிய எடையை (எழுத்துக் கோட்டின் தடிமனை எடை என்பார்கள்) 24 பாயிண்ட் அளவுக்குக் கீழே இறக்காதீர்கள். 10 பாயிண்டில் வேண்டுமென்றால் அதே குடும்பத்தின் மீடியம் எடைக்கு மாறுங்கள், வரி இடைவெளி 14 பாயிண்ட் வையுங்கள். பலர் சறுக்குவது அச்சில்தான். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் மை பரவி முனைப்பட்டைகளை விழுங்கிவிடும். நான்கு வண்ணக் கலவையில் அச்சிட்டாலோ, ஒரு வண்ணத்தின் அச்சுத் தகடு இம்மி விலகினாலும் ஓரம் மங்கும். எழுத்துக்கு ஒற்றை மையே பாதுகாப்பு.