ஐம்பது வெள்ளிக்கு எத்தனை கிலோமீட்டர்?

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஆறு மாதங்களுக்கு முன், பெட்ரோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் கார் ஒன்றை வாங்கினேன். எண்ணெய்ச் செலவைப் பதிந்து வைக்கும் இணையத்தளம் ஒன்றில் என் மகன் எனக்கொரு பக்கம் திறந்து கொடுத்தான். ஒவ்வொரு முறையும் ஐம்பது வெள்ளிக்கு எண்ணெய் அடித்துவிட்டு, அதுவரை ஓடிய தூரத்தையும் லிட்டரையும் தவறாமல் பதிகிறேன். ஆனால் ஒரு வாரம் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்கிறது, அடுத்த வாரம் 27 என்கிறது. காரின் முகப்புத் திரையோ 21.8 என்கிறது. விற்றவர் சொன்ன எண் இவற்றில் எதுவுமே இல்லை. எதை நம்புவது? காரில் கோளாறு ஏதும் இருக்குமா?
– ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, தாங்கள் எழுதியதைப் படித்தவரையில் காரில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. குழப்பம் அந்த ஐம்பது வெள்ளியில்தான் தொடங்குகிறது. நம் ஊரில் பெரும்பாலோர் கவுண்டரில் போய் 'நாலாம் நம்பர், ஐம்பது வெள்ளி' என்று தொகை சொல்லி எண்ணெய் அடித்தே பழகியவர்கள். குடும்பச் செலவைக் கட்டுக்குள் வைக்க அது நல்ல பழக்கம். கார் எவ்வளவு குடிக்கிறது என்று அளக்க அது உதவாது.

இந்தத் தளங்கள், 2008-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஃபியூலி ஆனாலும் ஜெர்மனியின் ஸ்பிரிட்மானிட்டர் ஆனாலும், ஒரே கணக்கைத்தான் போடுகின்றன: சென்ற முறை தொட்டி நிரம்பியது, இந்த முறையும் நிரம்பியது, ஆகவே இப்போது ஊற்றிய லிட்டர்தான் இடையில் எரிந்த லிட்டர். தொட்டி நிரம்பாமல் விட்டால் இந்தக் கணக்கின் அடித்தளமே போய்விடுகிறது. முள் கால்வாசியில் நிற்கும்போது ஒரு முறையும், பாதியில் நிற்கும்போது மறு முறையும் ஐம்பது வெள்ளிக்கு அடித்தால், ஊற்றிய அளவு இரண்டு முறையும் ஒன்றாகவே இருக்கும். ஓடிய தூரமோ ஒன்றாக இராது. தங்களுக்குக் கிடைத்த 14-ம் 27-ம் காரின் குணத்தைச் சொல்லவில்லை, தாங்கள் எந்தக் கிழமை நிலையத்துக்குப் போனீர்கள் என்பதைத்தான் சொல்கின்றன.

எனவே இனி, குழாய் தானாக நிற்கும்வரை தொட்டியை நிரப்புங்கள். கவுண்டரில் சற்றுக் கூடுதலாகப் பணம் கட்டிவிட்டு மீதியை வாங்கிக்கொண்டால் போதும். முதல் 'டக்' சத்தத்தோடு நிறுத்திவிட வேண்டும். கழுத்துவரை பிழிந்து ஊற்றினால் தொட்டியின் ஆவியை உறிஞ்சி வைத்திருக்கும் கரிப்பெட்டிக்குள் எண்ணெய் இறங்கி, அதைக் கெடுத்துவிடும். முடிந்தால் ஒரே நிலையத்தில், ஒரே பம்பில் அடியுங்கள். தரையின் சாய்வு மாறினால் குழாய் நிற்கும் அளவும் மாறும். அப்படியும் ஒரு லிட்டர் முன்பின்னாக இருக்கத்தான் செய்யும். முப்பது லிட்டரில் ஒரு லிட்டர் என்பது மூன்று விழுக்காட்டுப் பிழை; ஆனால் இந்த முறை குறைந்தது அடுத்த முறை கூடி ஈடாகிவிடும் என்பதால், பத்துப் பதிவுகள் சேர்ந்த பிறகு அது பெரிதாகத் தெரியாது.

மாதக் கடைசியில் கையிறுக்கமாக இருந்து பாதிதான் அடிக்க முடிந்தது என்றால் அதனாலும் கெடுதல் இல்லை. அந்தப் பதிவை 'அரைகுறை நிரப்பு' என்று குறிப்பதற்கு இடம் உண்டு. எடுத்துக்காட்டாக, மீட்டர் 45,210-இல் இருக்கும்போது தொட்டி நிரம்பியது. வழியில் 12 லிட்டர் மட்டும் அடித்தீர்கள். பிறகு 45,830-இல் 19 லிட்டர் ஊற்றியதும் மீண்டும் நிரம்பியது. ஓடியது 620 கிலோமீட்டர், எரிந்தது 31 லிட்டர், ஆக லிட்டருக்கு 20. நடுவில் அடித்த 12 லிட்டரைப் பதிய மறந்தால் அதே பயணத்துக்கு லிட்டருக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் வரும். பக்கத்து வீட்டாரிடம் பெருமை பேசலாம், அவ்வளவுதான்.

வெள்ளியை மட்டும் எழுதி வைப்பவர்களுக்கு இன்னொரு வலையும் உண்டு. லிட்டர் 2.05 வெள்ளியாக இருந்த ரோன்95 பெட்ரோல், 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கு 1.99 வெள்ளியாகக் குறைந்தபோது, ஐம்பது வெள்ளிக்குக் கிடைத்த எண்ணெய் 24.39 லிட்டரிலிருந்து 25.13 லிட்டராக உயர்ந்தது. கார் எதுவுமே செய்யாமல், அதன் சிக்கனம் மூன்று விழுக்காடு கூடியது போல அப்படிப்பட்ட கணக்கில் தெரிந்திருக்கும்.

இனி முகப்புத் திரையைப் பார்ப்போம். அது எண்ணெயை அளந்து பார்ப்பதில்லை. எரிபொருள் தெளிப்பான் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதிலிருந்து கணித்துச் சொல்கிறது. பொதுவாக உண்மையைவிடச் சில விழுக்காடு தாராளமாகவே சொல்லும். என் தகப்பனார் பால்மரம் வெட்டிய காலத்தில், ஸ்டோரில் வாளியை எடை போட்ட பிறகு, பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் கருவியை விட்டுப் பார்ப்பார்கள். எடை எவ்வளவு இருந்தாலும் பாலில் உலர் ரப்பர் எவ்வளவு என்பதற்குத்தான் சம்பளம். திரையின் எண் வாளியின் எடை. பம்பின் லிட்டர் மெட்ரோலாக். ஆயினும் திரையைப் புறக்கணிக்க வேண்டாம். நிரப்பும் ஒவ்வொரு முறையும் அதன் எண்ணையும் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் எல்லாம் சரி. திடீரென விரிந்தால், பெரும்பாலும் ஒரு நிரப்பைப் பதிய மறந்திருப்பீர்கள்.

விற்றவர் சொன்ன எண்ணைப் பற்றி: அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கூடத்தில், உருளைகளின் மேல் காரை நிறுத்தி, வகுத்த வேகத்தில் ஓட்டி, குளிரூட்டியை அணைத்துவிட்டு எடுத்த எண் அது. ஐரோப்பாவில் 2017 முதல் நடைமுறைக்கு வந்த டபிள்யூ.எல்.டி.பி. சோதனை 23 பாகை வெப்பத்தில் நடக்கிறது. அதற்கு முந்தைய என்.இ.டி.சி. சோதனை இன்னும் மென்மையானது. சுங்கை சிப்புட்டில் நண்பகல் வெயிலில், பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் குளிரூட்டியை ஓடவிட்டு இருபது நிமிடம் காத்திருக்கும் காருக்கு அந்த எண் எப்படிப் பொருந்தும்? நிற்கும்போது ஹைப்ரிட்டின் இயந்திரம் அணைந்திருக்கலாம். ஆனால் மின்கலம் இறங்கியதும் தானே எழுந்து ஓடி, எண்ணெயை எரித்து, மறுபடி அணையும். தூரக் கணக்கில் ஒரு மீட்டர்கூடச் சேராது. தோட்டத்து லயத்திலிருந்து பள்ளிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் இயந்திரம் சூடேறவே பாதித் தூரம் போய்விடும். அதே காரைப் பழைய கூட்டரசுச் சாலையில் செம்மோர் வழியாக ஈப்போ வரை, சுமார் முப்பது கிலோமீட்டர், சீராக ஓட்டிப் பாருங்கள். அது வேறு காராகத் தோன்றும். நெடுஞ்சாலையில் 110-இல் விரட்டினால் மறுபடி இறங்கிவிடும், ஏனெனில் 80-இல் இருந்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு காற்றுத்தடையைக் கார் அங்கே தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

கேள்வி: எண்ணெய் நிரப்பும்போது ஒரு நாள் மின்கலம் நிறைந்திருக்கிறது, மறு நாள் பாதியில் இருக்கிறது. அதையும் கணக்கில் எடுக்காவிட்டால் விடை தவறாகாதா?
– ஆறாம் படிவ மாணவர்

பதில்: கூர்மையான கேள்வி. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. செருகி மின்னேற்றாத வழக்கமான ஹைப்ரிட்டின் மின்கலமோ ஒன்று முதல் ஒன்றரை கிலோவாட் மணி அளவுதான் கொள்ளும். ஆயுள் குறையாமலிருக்க அதிலும் நடுப்பகுதியை மட்டுமே கார் பயன்படுத்துகிறது. இயந்திரத்தில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்துப் பார்த்தால், மின்கலத்தின் ஏற்ற இறக்கம் கால் லிட்டர் பெட்ரோலைத் தாண்டாது. குழாய் முன்பின்னாக நிற்பதால் வரும் பிழை இதைவிடப் பெரியது. செருகி மின்னேற்றும் வகைக்கு மட்டும் மின்சாரத்தையும் தனியே பதிய வேண்டும்.

கேள்வி: ஒரு நிரப்பில் லிட்டருக்கு 25, அடுத்ததில் 16. கூட்டி இரண்டால் வகுத்தால் 20.5 வருகிறது. இணையத்தளம் 19.5 என்கிறது. தளத்தில் தவறா?
– தோட்ட அலுவலகக் கிராணி

பதில்: தளம் சொல்வதே சரி. இரண்டு முறையும் 400 கிலோமீட்டர் ஓடியதாக வைத்துக்கொள்வோம்: முதல் 400 கிலோமீட்டருக்கு 16 லிட்டர், அடுத்த 400 கிலோமீட்டருக்கு 25 லிட்டர். மொத்தம் 800-ஐ 41-ஆல் வகுத்தால் 19.5. சராசரிகளுக்குச் சராசரி எடுக்கக் கூடாது என்பது செக்ரோல் என்னும் தோட்டச் சம்பளப் பதிவேட்டை எழுதிய தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் மைத்துனர் தம் ஹைப்ரிட் 56 கொடுக்கிறது என்கிறார். அதே ரகக் கார் எனக்கு 20-தான் கொடுக்கிறது. ஏன் இந்த வேறுபாடு?
– வாசகர், கோலகங்சார்

பதில்: வேறுபாடே இல்லை. அவர் கேலனுக்கு மைல் சொல்கிறார், தாங்கள் லிட்டருக்குக் கிலோமீட்டர் சொல்கிறீர்கள். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்பது பிரிட்டிஷ் கேலனுக்கு 56.5 மைல், கேலன் சிறியதாக உள்ள அமெரிக்காவில் அதுவே 47. ஐரோப்பியர் 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் என்பார்கள். பதிவுப் பக்கத்தைத் திறக்கும்போதே அளவு முறையைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். பாதியில் கவனித்தால் பழைய பதிவுகளைச் சரிபார்ப்பது தலைவலி.

கேள்வி: மெனோரா சுரங்கப்பாதைப் பக்கம் இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு உருட்டினால் எண்ணெய் மிச்சமாகும் என்கிறார் என் நண்பர். உண்மையா?
– லோரி ஓட்டுநர்

பதில்: அந்த இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவது உயிரோடு விளையாடுவது, லோரி ஓட்டுகிற தங்களுக்கு அது தெரியும். ஹைப்ரிட்டில் அது நட்டமும்கூட. டொயோட்டா வகை ஹைப்ரிட்டில் நியூட்ரலில் மின்கலத்துக்கு மின்னேற்றமே நடக்காது. இறக்கம் இலவசமாகக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வதுபோல் ஆகிறது. 'டி' (D) கியரில் வைத்துப் பிரேக்கை முன்கூட்டியே மெல்ல மிதித்தால் போதும். 'பி' (B) என்பது நீண்ட இறக்கத்தில் இயந்திரத்தால் வேகத்தைப் பிடித்து வைப்பதற்கானது. அது சிக்கனத்துக்கான கியர் அன்று.

கேள்வி: ஹைப்ரிட் கார்களுக்கு வரி விலக்கு இருந்தபோது, 2013-இல் வாங்கிய கார் என்னுடையது. ஏழு ஆண்டுகளாக எண்ணெய்க் கணக்கு வைத்திருக்கிறேன். சென்ற ஓராண்டில் 21-இலிருந்து 17-க்கு மெல்ல இறங்கிவிட்டது. பட்டறையில் மின்கலத்தையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– ஓய்வுபெற்ற மண்டோர்

பதில்: ஐயா, தங்களைப் போன்றவருக்குத்தான் இந்தப் பதிவு முழுப் பயன் தருகிறது. ஒரு வாரத்து எண் எதையும் சொல்லாது. ஓராண்டு இறக்கம் நிச்சயம் ஏதோ சொல்கிறது. ஆனால் அது மின்கலத்தைத்தான் சொல்கிறது என்று அவசரப்பட வேண்டாம்.

2011 தொடக்கத்திலிருந்து 2013 இறுதிவரை 2,000 சிசிக்கு உட்பட்ட இறக்குமதி ஹைப்ரிட்டுகளுக்கு வரி விலக்கு இருந்தது. அக்காலத்தில் பரவலாக வந்த பிரியஸ் சி, இன்சைட் போன்றவற்றில் இருப்பது நிக்கல் உலோக ஹைட்ரைடு மின்கலம். வெப்பம் அதற்கு எதிரி. அதைக் குளிர்விக்கும் விசிறி, காரின் உள்ளிருந்துதான் காற்றை இழுக்கிறது. டொயோட்டாவில் அந்தத் துளை பின்னிருக்கைப் பக்கம் இருக்கும். செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையில் பத்தாண்டுக்கு மேல் ஓடிய காரில் அந்தத் துளையும் விசிறியும் என்ன நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னிருக்கையில் அரிசி மூட்டையோ துணிப்பையோ அடுக்கி அதை மறைத்திருந்தால் இன்னும் மோசம். முதலில் அதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிறகு டயர்களின் காற்று, சக்கரம் பிடிக்காமல் சுழல்கிறதா என்பதற்குப் பிரேக், சக்கர நேர்த்தி, இயந்திர எண்ணெய் உரிய தடிமனில் உள்ளதா என்பது, இவற்றையெல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். டயரின் அளவை மாற்றியிருந்தால் மீட்டர் காட்டும் தூரமே மாறியிருக்கும். அப்போது குறைந்தது சிக்கனமல்ல, தூரக் கணக்கு.

இத்தனைக்கும் பிறகு இரண்டு மூன்று நிரப்புகளில் எண் ஏறவில்லை என்றால், அதோடு மின்கல அளவுகாட்டி நிமிடங்களில் உச்சிக்கும் அடிக்கும் தாவுகிறது, நின்ற இடத்தில் இயந்திரம் அடிக்கடி எழுகிறது என்றால், அப்போது மின்கலத்தைக் கருவியால் சோதித்து, ஒவ்வொரு பகுதியின் மின்னழுத்தத்தையும் தாளில் அச்சிட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தாளைக் காட்டாமல் மாற்றச் சொல்பவரிடம் காரை விட்டுவிட்டு வராதீர்கள்.

கேள்வி: எனக்கு இணையம் பழக்கமில்லை. பையடக்க நோட்டில் எழுதினால் போதாதா?
– பெரியவர் ஒருவர்

பதில்: தாராளமாகப் போதும். தேதி, மீட்டர் எண், பம்ப் காட்டும் லிட்டர் இரண்டு புள்ளி இலக்கம் வரை, தொட்டி நிரம்பியதா இல்லையா: இந்த நான்கையும் எழுதுங்கள். தளம் கூடுதலாகச் செய்வது, வகுத்தலையும் வரைபடத்தையும் தானே போட்டுத் தருவது மட்டுமே. இணையத்தில் எழுதுபவர்களும் ஆண்டுக்கு ஒரு முறையாவது தங்கள் பதிவுகளை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. வண்டி எண்ணைப் பொதுப் பக்கத்தில் போட வேண்டாம். எந்தக் கிழமை எந்த நிலையத்தில் தாங்கள் இருப்பீர்கள் என்பது ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. நோட்டை மட்டும் காரின் கையுறைப் பெட்டியிலேயே பேனாவோடு வைத்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்ட பதிவுகள்தான் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன.