நீச்சல் குளத்தைச் சுற்றிச் செயற்கைப் புல் போடலாமா?

கேள்வி: வீட்டு வேலை முடியப்போகிறது. பின்பக்கம் சின்னதாக ஒரு நீச்சல் குளம் கட்டியிருக்கிறோம். அதைச் சுற்றி 6 அடி அகலத்துக்குக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார் கொத்தனார். துபாயில் இருக்கும் என் கொழுந்தனோ, "கான்கிரீட் சுடும், பிள்ளைகள் விழுந்தால் மண்டை உடையும், டர்ஃப் (செயற்கைப் புல்) போடுங்க மைனி" என்கிறார். எங்களுக்கு 4 வயதிலும் 7 வயதிலும் பிள்ளைகள். எதைப் போடுவது?
- வாசகி, தக்கலை

பதில்: சுற்றிலும் முழுக்கப் புல் வேண்டாம், சகோதரி. குளத்தின் விளிம்பிலிருந்து முதல் 3 அடி, அதாவது ஈரக்காலோடு ஏறி இறங்குகிற இடம் முழுவதும், சொரசொரப்பான கல்லோ கான்கிரீட்டோ இருக்கட்டும். மிச்சத்தில் நிழல் விழுகிற பக்கமாகப் பார்த்து, நாற்காலி போட்டு உட்காரும் இடத்துக்கு மட்டும் செயற்கைப் புல் போடுங்கள்.

சூட்டைப் பற்றிக் கொழுந்தன் சொன்னதுதான் தப்பு. வெயிலில் கான்கிரீட் சுடும்தான், ஆனால் செயற்கைப் புல் அதைவிட அதிகமாகச் சுடும். உயிருள்ள புல் வேரில் உறிஞ்சிய நீரை இலை வழியாக ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் இழைக்கு அந்த வழி கிடையாது, அதனால் உச்சி வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. தண்ணீர் தெளித்தால் குளிரும், ஆனால் கொஞ்ச நேரத்திலேயே மறுபடி ஏறிவிடும். இந்தப் புல் பேர் வாங்கியதே கூரை போட்ட ஒரு விளையாட்டரங்கத்தில்தான். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1965-இல் திறந்த ஆஸ்ட்ரோடோமில், ஆட்டக்காரர்களின் கண் கூசுகிறதென்று ஒளி புகும் கூரைக்குப் பெயின்ட் அடித்தார்கள், வெயில் கிடைக்காமல் உள்ளே இருந்த புல் செத்துப்போனது, அதற்கு மாற்றாக 1966-இல் செயற்கைப் புல்லை விரித்தார்கள். நம் ஊரில் ஏப்ரல் வெயிலில் திறந்தவெளியில் விரித்துவிட்டு, செருப்பில்லாமல் ஓடுகிற 4 வயதுப் பிள்ளையை அதன் மேல் விடுவது வேறு விஷயம். சந்தேகமாக இருந்தால் கடையில் ஒரு துண்டு சாம்பிள் வாங்கி மதியம் மொட்டைமாடியில் போட்டு வையுங்கள், ஒரு மணி நேரம் கழித்து வெறுங்காலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதே துண்டின் மேல் ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றிப் பாருங்கள்; அடியிலுள்ள ஓட்டைகள் வழியாகச் சட்டென்று இறங்கவில்லை என்றால் அந்தச் சரக்கு வேண்டாம்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை மழை. நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு, அதனால் எதைப் போட்டாலும் அடியில் வாட்டம், அதாவது நீர் வடிகிற சரிவு, சரியாக இல்லையென்றால் அத்தனையும் வீண். மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வாட்டம், அதுவும் குளத்தை விட்டு வெளியே போகிற மாதிரி, கடைசியில் ஒரு ஓடை. இதைக் கொத்தனாரிடம் ரசமட்டம் வைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். புல் வருகிற இடத்தில் செம்மண்ணின் மேல் நேரடியாக விரிக்கக் கூடாது, மண்ணைக் கெட்டித்து, ஜல்லி ஒரு 4 அங்குலம், அதன் மேல் கிரஷர் பொடி, இரண்டையும் நன்றாக இடித்து இறுக்கிய பிறகுதான் புல். கான்கிரீட் என்றால் இழைத்து மழமழவென்று விடாமல், காய்வதற்குள் துடைப்பத்தால் கோடு இழுக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் பாசி பிடிக்கும், பிரஷ் போட்டுத் தேய்த்தால் போய்விடும். புல்லிலும் நிழல் பக்கம் பாசி வரும், அதைத் தேய்த்து எடுப்பது கஷ்டம். அப்புறம், பக்கத்தில் புளியமரம் இருந்தால் புல்லை மறந்துவிடுங்கள், அந்தப் பொடி இலையை இழைகளுக்கு நடுவிலிருந்து பொறுக்கி முடியாது.

விழுந்தால் அடிபடாது என்பதும் முழுக்க உண்மையில்லை. முட்டி சிராய்ப்பது குறையும், ஆனால் 25, 30 மில்லிமீட்டர் புல்லுக்கு அடியில் கெட்டித் தரை இருந்தால் தலைக்குப் பெரிய பாதுகாப்பு இல்லை, அதற்குத் தனியாக ஃபோம் விரிப்பு போட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் குளத்துக்கு வேலி இருக்கிறதா? நான்கு பக்கமும் குறைந்தது 4 அடி உயரம், பிள்ளைகள் பிடித்து ஏற வாகில்லாதது, தானாகச் சாத்திக்கொள்கிற கதவு, கொண்டி பிள்ளைக்கு எட்டாத உயரத்தில். தரைக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். பணம் போதவில்லை என்றால் புல்லை அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம், வேலியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் குளத்தைச் சுற்றிப் போட்ட கான்கிரீட் கீறல் விட்டு, சில இடத்தில் துருக்கறை தெரிகிறது. மேலேயே புல்லை ஒட்டி மறைத்துவிடலாமா?
- வாசகர், இராஜாக்கமங்கலம்

பதில்: வேண்டாம் அண்ணாச்சி. துருக்கறை தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். கடலோரத்து உப்பு கீறல் வழியாக இறங்கிக் கம்பியை அரிக்கும், துரு பருத்துக் கான்கிரீட்டை இன்னும் பிளக்கும். அதன் மேல் புல்லை ஒட்டினால் ஈரம் காயாமல் நின்று வேலையை வேகப்படுத்துவதோடு, உங்கள் கண்ணிலிருந்தும் மறைத்துவிடும். கெட்ட பகுதியை உடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். தரையில் படுக்கிற 4 அங்குலக் கான்கிரீட்டுக்குக் கம்பியே தேவையில்லை. கீழே மண் இறுகியிருந்து, 8 அடிக்கு ஒரு ஜாயிண்ட் விட்டால் போதும். குளத்துச் சுவருக்கும் தரைக்கும் நடுவில் இடைவெளி விட்டு சீலன்ட் நிரப்ப மறக்காதீர்கள். கலவைக்குக் கடல் மணல் பக்கமே போகக் கூடாது. துருவே இல்லாமல் மயிரிழைக் கீறல் மட்டும் என்றால், வாட்டம் சரியாக இருக்கும் இடத்தில் மேலே புல் விரிக்கலாம்.

கேள்வி: புல் நிமிர்ந்து நிற்க ரப்பர் துகள் தூவ வேண்டும் என்கிறார்கள். ரப்பர் விளைகிற ஊர்க்காரர்கள் நாங்கள், நல்லதுதானே?
- வாசகி, குலசேகரம்

பதில்: அது உங்கள் தோட்டத்துப் பால் இல்லை அம்மா, பழைய டயரை அரைத்த தூள். வெயிலில் சுடும், வாடை வரும், ஈரக்காலில் ஒட்டிக் குளத்துக்குள் போய் ஃபில்டரில் மாட்டும். மண்ணிலும் நீரிலும் பிளாஸ்டிக் துகளாகச் சேர்கிறது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இந்த மாதிரித் துகள் விற்பனைக்குத் தடை கொண்டுவந்து, 2031 வரை அவகாசம் கொடுத்திருக்கிறது. உருண்டையான சிலிக்கா மணல் போதும். அதையும் குளத்தின் விளிம்பில் பதித்திருக்கும் காப்பிங் கல்லுக்கு ஓரமாகத் தூவாதீர்கள்.